இறக்கி வைக்க ஓரிடம்

வேலி போட்ட அன்று காலையில் கரட்டுப்பட்டியிலிருந்து சந்தைக்குக் கிளம்பிய பெண்களின் தலைச்சுமை அதன் பிறகு இறங்கவே இல்லை என்று கேள்விப்பட்ட வெளியூர்க்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, அப்படியென்றால் அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்பதைத்தான். ஏன் இறங்கவில்லை என்று கேட்டவர் யாருமில்லை. உட்கார்ந்தபடிதான் தூங்கினார்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, கூடையின் பின்விளிம்பைச் சுவரோடு அணைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். முதலில் கழுத்து வலித்தது, பிறகு வலி பழகியது, வலி பழகியதும் தூக்கம் வந்தது, தூக்கம் வந்ததும் கனவு வந்தது, கனவிலும் சுமையோடுதான் நடந்தோம் என்று காலையில் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். எதற்கும் பழகிவிடுவதுதான் கரட்டுப்பட்டியைப் பிடித்த சனியன். அந்தச் சனியனின் கதைதான் இது.

கரட்டுப்பட்டிக்கும் சந்தையூருக்கும் நடுவில் சின்னக் குன்றாக ஒரு கரடு குறுக்கே படுத்திருக்கிறது. தார்ரோட்டில் போனால் கரட்டைச் சுற்றிக்கொண்டு, பஸ் மாறி, சந்தை கலைகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். கணவாய் வழியாக ஏறி இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் தக்காளியை விற்றுவிட்டு வீடு திரும்பி உலை வைத்துவிடலாம். அந்தப் பாதையை யாரும் போடவில்லை. ஆடும் மாடும், விதைப்பெட்டி சுமந்த சம்சாரியும், பொண்ணு பார்க்கப் போன மாப்பிள்ளையும், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவளும், கோபம் தீர்ந்து திரும்பி வந்தவளும், போலீசுக்குப் பயந்து ஓடினவனும் நடந்து நடந்து உண்டான தடம் அது.

கணவாயின் உச்சியில், சந்தையூரின் ஓட்டுக்கூரைகள் முதன்முதலாகக் கண்ணில் படுகிற வளைவில், சந்தைக்குத் தக்காளி சுமக்கிற விருமாயியின் மகள் ஜெயக்கொடியின் சுமைதாங்கிக் கல் நின்றது. நாள் வருவதற்கு முன்பே வலி கண்டு, கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அந்த வளைவில்தான் ஜெயக்கொடி மூச்சை விட்டாள். பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. அப்படி வயிற்றில் பிள்ளையோடு செத்தவள், போன இடத்திலும் அந்தச் சுமையைச் சுமந்துகொண்டேதான் அலைவாள் என்பார்கள். அதனால் அவள் பேரில் வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தி வைப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல், நின்ற வாக்கில் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறிக்கொள்ளலாம். அவர் இறக்குகிற நேரத்தில் செத்தவளும் தன் சுமையை இறக்கி வைத்துக்கொள்வாள். எத்தனை பேர் இறக்குகிறார்களோ அத்தனை தரம் அவளுக்கு மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஆகவே கரட்டுப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஊரில் தலைக்கு ஏற்றிய சுமையை முதன்முதலில் ஜெயக்கொடி கல்லில்தான் இறக்குவது. களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறக்கி, எடுத்து, பிறகுதான் நடப்பது. தபால்காரர் பையை வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகப் பையை வைத்தார்கள். கைவீசி வருகிற ஆம்பளை, ஒன்றுமில்லாவிட்டால் தோளில் கிடக்கிற துண்டையாவது எடுத்துக் கல்லில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். விருமாயி தக்காளிக் கூடையை நகர்த்தி வைத்து, சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்து, "நான் எறக்கிட்டேன் தாயி. நீயும் செத்த நேரம் எறக்கி வை" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வராது. மகள் போனதிலிருந்து, நாளில் அவளுக்கு நெஞ்சு அடைக்காத நேரம் அது ஒன்றுதான்.

கரட்டை எங்கோ வடக்கே இருக்கிற ஒரு கம்பெனி வாங்கிவிட்டது, பணக்காரர்கள் வந்து காற்று வாங்கித் தங்குகிற பங்களாக்கள் கட்டப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கரட்டை எப்படி ஒருத்தன் வாங்குவான், மடித்து மடியில் கட்டிக்கொண்டா போவான் என்று ஊர் சிரித்தது. சந்தை நாள் காலையில் பெண்கள் வரிசையாகப் போனபோது, ஏற்றம் தொடங்குகிற அடிவாரத்தில் ஆளுயரத்துக்கும் மேலே முள்கம்பி வேலி நின்றது. பாதை வேலிக்குள் புகுந்த இடத்தில் புதிய சிமெண்ட் தூண் இரண்டும் நடுவே ஒரு இரும்புக் கேட்டும் இருந்தன. கேட்டில் காக்கிச் சட்டையோடு நின்றவன் உள்ளூர் மொக்கராசு. நேற்றுவரை அதே கரட்டில் ஆடு மேய்த்தவன், விருமாயிக்கு மருமகன் முறை.

"திரும்பிப் போங்க அத்தை. யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காய்ங்க."

"எலேய், கம்பிக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு எனக்கே சொல்றியா? கதவத் தெற. தக்காளி வெயில் தாங்காது."

"வழி இல்ல அத்தை. இனிமே இது அவிங்க எடம்" என்றான் மொக்கராசு. அதைச் சொல்லும்போது அவன் விருமாயியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலடியில் இருந்த ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை புதுசு, வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வரும்வரை கெஞ்சியும் ஏசியும் பார்த்தார்கள். கல்லில் இறக்காத சுமையை வேறு இடத்தில் இறக்குகிற பழக்கம் இல்லாததால், அந்த நேரம் முழுக்கத் தலையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். அப்படியே வீட்டுக்குத் திரும்பினார்கள். விருமாயியின் புருஷன் கருப்பணன் வாசலுக்கு வந்து கூடையை வாங்கக் கையை நீட்டினான். கூடை வரவில்லை. அசைந்தது, இப்படியும் அப்படியும் திரும்பியது, தலையை விட்டு எழும்ப மட்டும் மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். விருமாயியின் குதிகால் தரையை விட்டு எழும்பியதே தவிர, கூடை அவளை விட்டு எழும்பவில்லை. அதே நேரத்தில் கீழத்தெருவில் பவுனம்மாளின் புல்லுக்கட்டையும், மேலத்தெருவில் காமுத்தாயின் கோழிக்கூடையையும் ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும்போது எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "கல்லுல எறக்காம வேற எங்க எறங்கும்?" என்றாள் பவுனம்மாள், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோல. ஊரும் ஆமாம் என்றது, சோறு பொங்கப் போனது.

மறுநாள் ஆசாரி வந்து வீட்டு நிலைகளின் மேல்கட்டையை எடுத்து உயர்த்தி வைத்தார். கோயில் வாசலை உயர்த்த ஆகமம் இடம் கொடுக்காது என்று பூசாரி சொன்னதால், அம்மனை வெளியே எழுந்தருளச் செய்து இவர்களுக்குத் திருநீறு கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டு ஏற்றினார், கூரை இடித்ததால் படியிலேயே இறக்கியும் விட்டார். பவுனம்மாளின் புல்லுக்கட்டை ஊர் ஆடுகள் மோப்பம் பிடித்து அவள் பின்னாலேயே திரிந்தன. காமுத்தாயின் கோழிகள் தலைமேலேயே முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பொரித்தன; துக்க வீட்டில் அவள் ஒப்பாரி வைக்கும்போது மேலேயிருந்து குஞ்சுகள் கீச்கீச்சென்று கூடப் பாடின, செத்தவரின் மகனே சிரித்துவிட்டான். விருமாயியின் தக்காளிகள் பழுத்து, அழுகி, சாறு கழுத்தில் வழிந்து, ஈ மொய்த்து, பிறகு ஒரு மழையில் விதைகள் முளைத்து, செடி கூடையை நிறைத்துக் காது வழியாகத் தொங்கிப் பூத்துக் காய்த்தது. பக்கத்து வீட்டுக்காரி ரசத்துக்கு அடுப்பை மூட்டிவிட்டு வந்து, "மதினி, செத்த குனி" என்று பறித்துக்கொண்டு போனாள். தொலைக்காட்சிக்காரர்கள் காமிராவோடு வந்து, குஞ்சுகளைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாம் பழகின பிறகுதான் பாதை விஷயமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியது. கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். வேலியின் முன்னால் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். சந்தையூர்க் கடைத்தெருவில் தலைச்சுமையோடு ஊர்வலம் போனார்கள். அதற்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோன அரசாங்கம், தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. ஊராட்சித் தலைவர் சன்னாசி முன்னால் போக, பெண்கள் கதவில் குனிந்து பக்கவாட்டில் நுழைந்து, நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றார்கள்.

"முதல்ல சுமையை இறக்கி வச்சுட்டு உட்காருங்கம்மா" என்றார் தாசில்தார், நல்ல மனுஷர்.

"அதுக்குத்தாங்கய்யா வந்திருக்கோம்" என்றாள் பவுனம்மாள்.

அவர் கோப்பைப் புரட்டினார். கரடு பட்டா இடம், சட்டப்படி கம்பெனி வாங்கியிருக்கிறது, வரைபடத்தில் பாதை என்று ஒரு கோடுகூட இல்லை என்றார். எங்கள் காலுக்கு முன்னால் எந்தக் கால் அங்கே இருந்தது என்று பெண்கள் கேட்டார்கள். "நீங்க நடந்தீங்க, இல்லைன்னு சொல்லலை. நடந்துட்டா அது பாதை ஆயிருமா?" என்றார் அவர்.

"வேற எப்படிங்கய்யா ஆகும்?" என்றாள் விருமாயி.

தாசில்தார் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார், அடுத்த கூட்டத்துக்குத் தேதி போட்டார். அந்தத் தேதியில் அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவரும் நல்ல மனுஷர்தான். முதலில் சுமையை இறக்கி வைக்கச் சொன்னார்.

பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்து, நன்றாகத் தமிழ் பேசுகிற, யாரையும் அம்மா அம்மா என்று கூப்பிடுகிற ஒரு பையன் வந்து சன்னாசி வீட்டு மாடியில் ஊர்க்காரர்களோடு பேசினான். பிரச்சினை சுமைதானே, பாதை இல்லையே என்றான். சுமை இறங்க வேண்டியது சுமைதாங்கியில் என்றால், தார்ரோட்டோரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி, பளபளவென்று மெருகு போட்ட கருங்கல்லில், மேலே நிழலுக்குத் தகரமும் போட்டு, ஒன்று கட்டித் தருகிறோம் என்றான். சந்தை நாளில் கரட்டைச் சுற்றிப்போக வேனும் விடுகிறோம். பதிலுக்கு, கணவாய்ப் பாதைமேல் எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஊர் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தால் பாதையையும் கல்லையும் இப்படிப் பிரித்துப் பார்த்திருக்காது. கரட்டுப்பட்டி பிரித்தது. சாமியைப் பிடிமண் எடுத்து வேறு இடத்தில் வைப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றார் பூசாரி. புதுக் கல்லில் ஜெயக்கொடி பேரையே வெட்டிவிட்டால் அது ஜெயக்கொடி கல்தானே என்று ஒருவர் சொன்னார். அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பேரை வெட்டச் சொன்னதில் ஊர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டது. கழுத்து பழகிவிட்டது என்று இவ்வளவு நாள் சொன்னவர்கள்தான் இப்போது கழுத்து ஒடிகிறது என்று அழுதார்கள்.

விருமாயி மட்டும், "எம் மக செத்தது பஸ் ஸ்டாப்புல இல்ல" என்றாள்.

"பேரு போடுறாய்ங்கல்ல மதினி" என்றாள் காமுத்தாய்.

"பேரு போட்டா? அவ எங்க வந்து எறக்குவா? அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, பஸ்ஸு ஏறி வருவாளா? அவ அந்த வளைவுலதான நிக்கிறா. இன்னைக்கு யாராச்சும் வருவாகளா வருவாகளான்னு வயித்தப் புடிச்சிக்கிட்டு அங்கதான நிக்கிறா."

 ஊர் போய்ப் பேரெழுதிக் கைநாட்டு வைத்தது.

கல் திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டி மைக்செட் போட்டார்கள். முதலில் காமுத்தாய் போனாள். புதுக் கல்லின் முன் நின்று தலையை லேசாகச் சாய்த்தாள். கூடை நழுவிக் கல்லில் உட்கார்ந்தது, கோழிகளும் குஞ்சுகளும் பறந்து கூட்டத்துக்குள் ஓடின. பெண்கள் குலவையிட்டார்கள். காமுத்தாய் இரண்டு கையாலும் தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்துப் பவுனம்மாளின் புல்லுக்கட்டு இறங்கியது, அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாமே இறங்கின. பாதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கையோடு இறங்கின என்பதுதான் உண்மை. ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். கூட்டத்துக்குக் கடைசியில் நின்ற விருமாயிக்கு, அங்கே ஒரு சுமை இறங்க இறங்க, தன் கூடை கனத்துக்கொண்டே வருவது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைக்க, கருப்பணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பணன் அதிகம் பேசுகிறவனில்லை. அவள் தலைமேல் தக்காளி காய்த்தபோதுகூட, செடிக்குத் தண்ணீர் தெளித்தானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவன் அவள் கையைப் பிடித்துப் புதுக் கல்லை நோக்கி இழுத்தான்.

"வா. எறக்கிரு."

"விடுங்க."

"எத்தன நாளைக்கு இப்படியே உக்காந்து தூங்குவ? நீயும் செத்துப் போனா எனக்கு யார் இருக்கா?"

"நான் இங்க எறக்கிட்டேன்னா அம்புட்டுத்தான். அவ காலத்துக்கும் தூக்கிட்டே அலையணும். கடைசி ஆளு நாந்தான் மிச்சம்."

"எனக்கும் மகதானடி" என்றான் கருப்பணன். மைக்கில் சன்னாசி நன்றி சொல்லிக்கொண்டிருந்ததால் அது வேறு யார் காதிலும் விழவில்லை. விருமாயி கையை உருவிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவனும் பின்னால் நடந்தான்.

அதற்குப் பிறகு ஊருக்கு அவளைக் கண்டால் ஆகவில்லை. சுமையோடு பலபேர் இருந்தபோது அது ஊர் வழக்கம். ஒருத்தி மட்டும் சுமந்தபோது அது எல்லாரையும் குற்றம் சொல்வதாகிவிட்டது. வீம்பு பிடித்தவள் என்றார்கள். கம்பெனியிடம் தனியாக ஏதோ கறக்கப் பார்க்கிறாள் என்றார்கள். உயர்த்தின நிலைகளை ஆசாரி மறுபடி தாழ்த்தினார். விருமாயி அடுத்த வீட்டுக்குள் போக முடியாமல் தெருவிலேயே நின்று பேச வேண்டி வந்தது, கொஞ்ச நாளில் பேசுகிறவர்களும் குறைந்தார்கள். தக்காளிச் செடி காய்ந்து கருகியது. "உள்ள ஒண்ணுமில்ல, வெறுங்கூட" என்று எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வெறுங்கூடைதான் நாளுக்கு நாள் கனத்தது. ஒரு தடவை கிணற்றடியில் நிற்கும்போது கூடைக்குள் ஏதோ புரண்டது. அணில் ஏறியிருக்கும் என்று நினைத்துக் கையால் துழாவினாள், சருகுதான் அகப்பட்டது.

ஆனாலும் அவள் தினமும் காலையில் வேலிக்குப் போனாள். கேட்டின் முன்னால் நின்று, "தெறடா, எறக்கிட்டு வந்துர்றேன்" என்பாள். மொக்கராசு தலையைக் குனிந்துகொள்வான். அங்கிருந்து பார்த்தால் பாதை ஏறிப்போவது தெரிந்தது, புல் மூடிக்கொண்டு வந்தது தெரிந்தது; உச்சி வளைவும் கல்லும் தெரியாது, ஒரு பாறை மறைத்தது. பாறைக்குப் பின்னால் கல் நிற்கிறது, கல்லோரம் மகள் நிற்கிறாள் என்ற ஒரே நினைப்பில்தான் அவள் அந்தக் கனத்தைச் சுமந்தாள். உள்ளே பங்களாக்கள் எழும்பின. விளக்குகள் வந்தன. பெரிய கார்கள் வந்து நின்று ஹாரன் அடித்தால் கேட்டு திறந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், கார் உள்ளே போனதும் கேட்டு சாத்திக்கொள்ளும். காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி அவளைப் படமெடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் அவள் கேட்பதற்கு முன்பே மொக்கராசு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"அத்தை, எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. ஏழு முடிஞ்சிருச்சு."

"நல்லாருக்கட்டும்டா. சத்தா ஏதாச்சும் வாங்கிக் குடு."

"ஒங்ககிட்டச் சொல்லாம எனக்குத் தூக்கம் வரல. பயமா இருக்கு." அவன் குந்தி உட்கார்ந்து, கேட்டுத் தூணைக் கையால் தொட்டான். "மேல கல்லு இல்ல அத்தை. வேலி போட்ட அன்னைக்கே இல்ல. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி, கருக்கல்லயே ஜேசிபிய விட்டு ஒடைச்சுத் தள்ளிட்டாய்ங்க. தூணுக்கு அடியில போட ஜல்லி பத்தல, இதப் போடுங்கடான்னாரு மேஸ்திரி. நாந்தான் சட்டியில அள்ளிக் கொட்டுனேன். அந்த வேலைக்குத்தான் மொதல்ல என்னையக் கூப்புட்டாய்ங்க."

 பெண்கள் அன்று வீட்டு வாசலில் குனிந்து சுமையைத் தலைக்கு ஏற்றிய நேரத்தில் கல் ஏற்கெனவே ஜல்லியாகி இந்தத் தூணுக்கு அடியில் போயிருக்கிறது. இவ்வளவு காலமும் விருமாயி தன் மகளின் கல்லின்மேலேயே நின்றுகொண்டு, கல்லிடம் போக வழி கேட்டிருக்கிறாள்.

"அப்ப அவ எங்கடா எறக்கி வச்சா?" என்று கேட்டாள். மொக்கராசுவிடம் கேட்டாளா, வேறு யாரிடமாவது கேட்டாளா தெரியவில்லை. "அன்னைலருந்து ஒருத்தருமே எறக்கலையே. கல்லே இல்லையே. அவ எங்க எறக்குவா?"

அப்போது கூடைக்குள் அது மறுபடியும் புரண்டது. இந்தத் தடவை அவள் அணில் என்று நினைக்கவில்லை. பெற்றவளுக்கு அந்தப் புரளல் தெரியும். உள்ளேயிருந்து குதிகாலால் உந்துகிற உந்தல், பிறகு ஒரு சுருண்டல், பிறகு அமைதி. விருமாயி இரண்டு கையையும் மெல்ல மேலே கொண்டுபோய்க் கூடையை, விழுந்துவிடாமல், அணைத்துப் பிடித்தாள்.

"ஏந்தாயி," என்றாள், "எந்தலையிலதான் எறக்கி வச்சியா? இத எறக்குறதுக்கா நான் இம்புட்டு நாள் எடம் தேடினேன்? வச்சுக்க. இருக்கட்டும். நீ கைய வீசிக்கிட்டுப் போ."

மொக்கராசு அழுதுகொண்டே அவள் காலைத் தொட வந்தான். அவள் விலகிக்கொண்டாள். "போ. பொண்டாட்டிய முன்கூட்டியே டவுனுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேத்துரு. அவசரத்துக்குப் போக வழி இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு விருமாயி வீட்டுக்குத் திரும்பவில்லை. கேட்டுத் தூணை ஒட்டி, பாதை இருந்த இடத்தில், நேராக நின்றாள். கழுத்தை நிமிர்த்தி, தோள் இரண்டையும் விரித்து, கால்களைச் சற்று அகட்டி நின்றாள். கரட்டுப்பட்டி வந்து பார்த்தது. காமுத்தாய் கொஞ்ச நேரம் அழுதாள். உட்காரக்கூட மாட்டேன் என்கிறாளே என்று ஊர் பேசிக்கொண்டது. பிறகு அதற்கும் பழகிக்கொண்டது. கம்பெனிக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டார்கள். பாதை இருந்த இடம் கேட்டுக்கு வெளியே புறம்போக்கு, நிற்பது குற்றமில்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. வருகிற விருந்தாளிகளுக்கு அவளைப் பிடித்திருந்ததால் அதன் பிறகு கம்பெனிக்காரர்களும் விட்டுவிட்டார்கள். வெயில் அடித்தது, மழை பெய்தது, அவள் புடவையின் நிறம் மெல்ல மெல்லப் போய்க் கரட்டின் நிறமாயிற்று.

கருப்பணன் மட்டும் வேளைக்குக் கஞ்சி கொண்டு வந்து அவள் வாயில் ஊற்றினான். ஒருநாள் அவன் தூக்குவாளியை மூடிக் கிளம்பும்போது அவள் கூப்பிட்டாள்.

"இந்தாங்க. எறக்கி வச்சுட்டுப் போங்க."

"எங்கிட்ட என்ன இருக்கு எறக்கி வைக்க?"

"வர்றவுக எறக்கி வைக்கத்தான நிக்கிறேன். ஒருத்தருமே வரலையே. நீங்களாச்சும் வைங்க. அவளும் செத்த மூச்சு வாங்கிக்கிருவா."

 கருப்பணன் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, விரித்து, அவள் தோள்மேல் போட்டான். கணவாய் உச்சியில் கைவீசி வந்த ஆம்பளைகள் செய்ததைப்போலவே, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டான். விருமாயி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு நெஞ்சு அடைக்கவில்லை.

அவன் ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தான். அன்று முழுக்க அந்த வழியாக வேறு யாரும் வரவில்லை. வருவதற்கு வழி இல்லை.